எழுபத்தைந்து கிலோவுக்குக் காவல்

எடை குறைக்கிறவனுக்கு ஊரில் ஒரு மரியாதை உண்டு. குறைத்த எடையை அப்படியே வைத்திருக்கிறவனை யாரும் சீந்துவதில்லை.

தொண்ணூற்றொன்றிலிருந்து எழுபத்தைந்துக்கு நான் இறங்கிக்கொண்டிருந்த காலத்தில் கிடைத்த கவனிப்பே தனி. "பாதியாயிட்டீங்களே சார்!" என்பார் மாடி வீட்டுக்காரர். பேண்ட் பிடிக்கக் கொடுத்தால் டெய்லர் இடுப்புத் துணியை விரித்துப் பார்த்து, மிச்சத்தில் பையனுக்கு ஒரு டிராயர் தைக்கலாம் என்பார். கல்யாண வீடுகளில் சொந்தக்காரர்கள் கையைப் பிடித்துக்கொண்டு, குரலைத் தாழ்த்தி, "சுகர் எவ்வளவு இருக்கு?" என்று கேட்பார்கள். இல்லை என்றால் நம்ப மாட்டார்கள். மதுரையில் ஒருவன் வேண்டுமென்றே இளைப்பான் என்று ஒப்புக்கொள்ள யாருக்கும் மனம் வராது. சுகர், அல்சர், வாங்கிய கடன் ஆகிய மூன்றில் ஒன்று இருந்தே ஆகவேண்டும்.

இப்போது எழுபத்தைந்திலேயே நிற்கிறேன். ஒருவரும் வாய் திறப்பதில்லை. "போன வருஷம் பார்த்த மாதிரியே இருக்கீங்களே, எப்படி?" என்று எந்தக் கல்யாண வீட்டிலாவது யாராவது கேட்டிருக்கிறார்களா? கேட்கவேண்டிய கேள்வி அதுதான். குறைப்பது சில மாத வேலை. காப்பது ரிட்டயர்மெண்டே இல்லாத வேலை, சம்பளமும் கிடையாது. அந்த உத்தியோகத்தில் எனக்கு வாய்த்த ஒரே சகா, வீட்டில் கிடக்கும் கண்ணாடி எடை மெஷின்.

என் எடையை யாரும் திருடிக்கொண்டு போகப்போவதில்லையே, அதற்கு எதற்குக் காவல் என்று கேட்கலாம். திருட்டுப் போகிற பொருளுக்குக் காவல் வைப்பது சுலபம். இது திரும்பி வருகிற பொருள். அமெரிக்காவில் 'தி பிக்கஸ்ட் லூசர்' என்று ஒரு தொலைக்காட்சிப் போட்டி நடந்தது. யார் அதிகம் இளைக்கிறாரோ அவருக்குப் பரிசு. அதில் கலந்துகொண்ட பதினான்கு பேரை ஆறு ஆண்டுகள் கழித்துக் கெவின் ஹால் என்ற ஆராய்ச்சியாளரின் குழு சோதித்துப் பார்த்தது. 2016-இல் முடிவு வெளியானது. ஒருவர் தவிர மற்றவர்களுக்கெல்லாம் எடை திரும்ப ஏறியிருந்தது. அதைவிடக் கொடுமை, சும்மா இருக்கும்போது அவர்கள் உடம்பு எரிக்கவேண்டிய அளவைவிட நாளொன்றுக்கு ஏறத்தாழ 500 கலோரி குறைவாகவே எரித்துக்கொண்டிருந்தது. ஆறு வருஷமாகியும் உடம்பு சமாதானமாகவில்லை. உடம்பு ஒரு பஞ்சகாலத்துக் கிழவி. 1876-இன் தாது வருஷப் பஞ்சம் முடிந்துவிட்டது என்று யார் சொன்னாலும் நம்பாமல் பானைக்கடியில் ஒளித்து வைத்துக்கொண்டே இருக்கும்.

அப்படியும் ஜெயித்தவர்கள் உண்டு. ரீனா விங், ஜேம்ஸ் ஹில் என்ற இருவர் 1994-இல் அமெரிக்காவில் அவர்களுக்கென்றே ஒரு பதிவேடு தொடங்கினார்கள். குறைந்தது 13.6 கிலோ குறைத்து, ஒரு வருஷமாவது காப்பாற்றியவர்களுக்குத்தான் அதில் இடம். எப்படிச் சாதித்தீர்கள் என்று கேட்டபோது, நூற்றுக்கு எழுபத்தைந்து பேர் வாரம் ஒரு தடவையாவது எடை பார்ப்பதாகச் சொன்னார்கள். தொண்ணூறு பேர் தினம் சுமார் ஒரு மணி நேரம் உடற்பயிற்சி செய்கிறார்களாம். எழுபத்தெட்டு பேர் காலைப் பலகாரத்தை விடுவதே இல்லையாம். இந்தக் கடைசித் தகவலை மட்டும் எங்கள் தெப்பக்குளம் வாக்கிங் நண்பர்கள் மனப்பாடம் செய்திருக்கிறார்கள். திருமலை நாயக்கர் வெட்டிய அந்தக் குளத்தைச் சுற்றிச் சுற்றி நடந்து முடித்து, அமெரிக்க ஆராய்ச்சிக்கு மதிப்புக் கொடுத்து, ஆளுக்கு ஒரு டம்ளர் பருத்திப்பாலும் இரண்டு வடையும் சாப்பிட்டுவிட்டுத்தான் வீடு திரும்புகிறார்கள்.

எடை பார்ப்பதற்கென்று ஒரு ஆசாரம் இருக்கிறது. விடிந்ததும் பார்க்கவேண்டும். காலைக் கடன் முடிந்திருக்க வேண்டும், காபி தொடங்கியிருக்கக் கூடாது. உடுப்பு எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது. மோதிரம், கைக்கடிகாரம், வெள்ளி அரைஞாண் எல்லாம் கழற்றிவிடுவேன். மூக்குக் கண்ணாடிக்கு மட்டும் விதிவிலக்கு எதற்கு என்று அதையும் கழற்றி வைத்தால், காலடியில் ஒளிரும் எண் கொசுவா எழுத்தா என்று தெரியாது. ஆகவே மனைவியைக் கூப்பிடவேண்டும். அவள் அடுக்களையிலிருந்து கரண்டியோடு வந்து குனிந்து, வாசல்வரை கேட்கும் குரலில் படிப்பாள்: "எழுபத்தஞ்சு எண்ணூறு! நேத்துப் பந்தியில ரெண்டாந்தரம் பாயசம் வாங்குனீங்கல்ல?" எங்கள் பால்காரருக்கு என் எடை கிராம் சுத்தமாகத் தெரியும். அவர் பாலில் பால் எவ்வளவு என்பதுதான் எனக்குத் தெரியாது.

மெஷினை எங்கே வைக்கிறோம் என்பதும் முக்கியம். அதன் நாலு மூலையிலும் சின்ன உலோகத் துண்டுகள் இருக்கின்றன. மேலே ஏறி நின்றால் அவை கண்ணுக்குத் தெரியாத அளவு வளையும். அவற்றில் ஒட்டியிருக்கும் மெல்லிய கம்பிகளின் மின்தடை மாறும். அந்த மாற்றத்தைத்தான் கிலோவாக்கிக் காட்டுகிறது. தரை சமமில்லாமல் ஒரு கால் சரியாக ஊன்றாவிட்டால் கணக்கு தப்பும். எங்கள் வீட்டு டைல்ஸ் போட்டவர் புண்ணியத்தில் ஒவ்வொரு இடத்திலும் எனக்கு ஒவ்வொரு எடை. ஃப்ரிட்ஜ் பக்கம் அதிகம், அது நியாயமும்கூட. ஈசானிய மூலையில் முந்நூறு கிராம் குறைவு. வாஸ்துவில் நம்பிக்கையில்லாத நான் மெஷினை அங்கேயே நிரந்தரமாக வைத்துவிட்டேன்.

எண்ணைப் படித்ததும் பலருக்கு ஒன்று தலை சுற்றும் அல்லது தலைக்கனம் ஏறும். இரண்டுக்கும் அவசியமில்லை. இராத்திரி கருவாட்டுக் குழம்பு சாப்பிட்டவனுக்குக் காலையில் ஒரு கிலோ கூடினால் அது கொழுப்பல்ல. உப்பு பிடித்து வைத்திருக்கும் தண்ணீர். ஒரு கிலோ கொழுப்பு சேர, தேவைக்கு மேல் சுமார் 7,700 கலோரி உள்ளே போகவேண்டும். வழக்கமான சாப்பாட்டை முடித்துக்கொண்டு அதற்கு மேல் இருபத்தைந்து, முப்பது பரோட்டா என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரே இராத்திரியில் அது நடக்காது. (எங்கள் ஊரில் நடத்திக் காட்டக்கூடிய இரண்டொருவரை எனக்குத் தெரியும். அவர்கள் எடை பார்ப்பதில்லை.) அதேபோல ஏகாதசி விரதமிருந்து மறுநாள் ஒரு கிலோ குறைந்ததென்று துள்ளுவதிலும் பொருளில்லை. உடம்பு மாவுச்சத்தைச் சேமிக்கும்போது ஒரு கிராமுக்கு ஏறக்குறைய மூன்று கிராம் தண்ணீரையும் சேர்த்தே கட்டி வைக்கிறது. பட்டினி கிடந்தால் சரக்கோடு தண்ணீரும் போகும். துவாதசிப் பாரணையில் இரண்டும் சேர்ந்தே திரும்பும்.

இதையெல்லாம் நமக்கு முன்பே தலையில் போட்டுக்கொண்டவர் இத்தாலியின் பதுவா நகரத்து மருத்துவர் சாந்தோரியோ. தராசில் நாற்காலியைத் தொங்கவிட்டு, அதிலேயே உட்கார்ந்து சாப்பிட்டு, உள்ளே போனதையும் வெளியே வந்ததையும் முப்பது வருஷம் நிறுத்துப் பார்த்தார். எட்டுப் பவுண்டு உணவு உள்ளே போனால் ஐந்து பவுண்டு கண்ணுக்குத் தெரியாமல் மூச்சிலும் தோலிலும் போய்விடுகிறது என்று 1614-இல் புத்தகம் போட்டார். அந்த வீட்டில் யார் கரண்டியோடு வந்து எண்ணைப் படித்தார்களோ, அதை அவர் எழுதி வைக்கவில்லை.

பதிவேடு தொடங்கிய அதே ரீனா விங் 2006-இல் இன்னொரு சோதனையை வெளியிட்டார். எடை குறைத்த 314 பேர், பதினெட்டு மாதம். பயிற்சிக்கு எடுத்துக்கொண்டவர்களைத் தினமும் எடை பார்க்கச் சொல்லி, எண்ணுக்கு நிறம் கொடுத்தார்கள். தொடங்கிய எடைக்கு மேல் 1.4 கிலோவுக்குள் இருந்தால் பச்சை. சின்னச் சின்னப் பரிசுகூட உண்டு. அதைத் தாண்டினால் மஞ்சள். என்ன ஏது என்று யோசித்துச் சாப்பாட்டைத் திருத்தவேண்டும். 2.3 கிலோ ஏறிவிட்டால் சிவப்பு. மறுபடி முதலிலிருந்து தொடங்கவேண்டும். வெறும் செய்திமடல் மட்டும் பெற்றவர்களில் நூற்றுக்கு எழுபத்திரண்டு பேர் சிவப்பைத் தொட்டார்கள். நேரில் கூடிப் பயிற்சி பெற்றவர்களில் நாற்பத்தாறு பேர்தான்.

பிரமாதமான ஏற்பாடு. ஆனால் சிக்னலைக் கண்டால் நிற்கிற ஊரில் யோசித்த ஏற்பாடு. மதுரையில் மஞ்சள் விளக்கு எரிகிறதே என்று வண்டியை நிறுத்திப் பாருங்கள், பின்னால் வருகிறவர் உங்களையும் உங்கள் குலத்தையும் விசாரிப்பார். இங்கே மஞ்சள் என்றால் சிவப்பு விழுவதற்குள் போய்விடு என்று அர்த்தம். என் உடம்பும் இந்த ஊரில்தான் வண்டி ஓட்டக் கற்றது. 76.8 என்று எண் வந்த உடனே மனம் கணக்குப் போடுகிறது: நாளையிலிருந்து கட்டுப்பாடு நிச்சயம்; அப்படியானால் ஜிகர்தண்டாவுக்கு இன்று ஒருநாள்தான் இருக்கிறது. அந்த மஞ்சள் பட்டையின் மொத்த அகலமே ஒரு கிலோவுக்குக் குறைவு. ஒரு காதுகுத்து விருந்தில் கடந்துவிடலாம்.

ஆகவே நான் எண்ணை எழுதி மட்டும் வைக்கிறேன். வாரக் கடைசியில் ஏழையும் கூட்டி வகுத்து, அந்தச் சராசரி எதைச் சொல்கிறதோ அதற்கு மட்டும் கட்டுப்படுகிறேன். தினம் பார், வாரம் ஒருமுறை நம்பு. முதலில் நாள்காட்டித் தாளில் எழுதிவந்தேன். பக்கத்திலேயே ராகுகாலமும் சந்திராஷ்டமமும் அச்சிட்டிருப்பதால், ஏறின நாளுக்குக் காரணம் தேடி அலையவேண்டியதில்லை. ஆனால் கிழித்த தாளில் அம்மா விபூதி மடிக்க ஆரம்பித்தபின் நோட்டுப் புத்தகத்துக்கு மாறவேண்டியதாயிற்று. ஒன்று சொல்லவேண்டும்: காலையில் பார்த்த எண் அன்று முழுக்க மனதை அரிக்கிறதென்றால், அல்லது சாப்பாட்டையே பகையாக்கிக்கொள்ளும் பிள்ளைகள் வீட்டில் இருந்தால், மெஷினைத் தூக்கிப் பரணில் போடுவதே நல்லது. பேண்ட் கொக்கி போதும். அதுவும் பொய் சொல்லாது.

அம்மாவுக்கு இந்த விவகாரம் அடியோடு பிடிக்கவில்லை. காரணம் பாசம் மட்டுமல்ல, பக்தியும். நான் தொண்ணூற்றொன்றாக இருந்தபோது காய்ச்சலில் விழுந்தேன்; பிழைத்து எழுந்தால் குருவாயூரில் கதலிப்பழத்தால் துலாபாரம் என்று வேண்டிக்கொண்டாள். வேண்டுதலை நிறைவேற்றக் கிளம்புவதற்குள் நான் எழுபத்தைந்துக்கு வந்துவிட்டேன்.

"சாமிகிட்ட சொன்னது தொண்ணூத்தொண்ணு. இப்ப பதினாறு கிலோ பழம் இடிக்குதேடா," என்றாள்.

"எடைக்கு எடைன்னுதானேம்மா வேண்டிக்கிட்ட? கிலோ சொல்லலையே?"

"அவருக்குத் தெரியாதா?"

போகிற வழியெல்லாம் அம்மா அந்தப் பதினாறு கிலோவை ஈடுகட்டப் பார்த்தாள். பழனியில் பஞ்சாமிர்தம். பாலக்காட்டில் நேந்திரங்காய் வறுவல். குருவாயூரில் ஆண்கள் சட்டையைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும் என்பது எனக்குப் பரம திருப்தி. உடுப்பின் எடை இல்லாமல் நிறுக்கும் அந்த முறையை எந்த ஆஸ்பத்திரியும் இவ்வளவு கண்டிப்பாகக் கடைப்பிடிப்பதில்லை. வேட்டியோடு தராசில் ஏறி உட்கார்ந்தேன். எதிர்த்தட்டில் பழக்குலைகள் ஏறின. அம்மா நினைத்ததைவிடச் சீக்கிரம் என் தட்டு அசைந்து மேலே கிளம்பியது.

அம்மா சட்டென்று முன்னால் வந்து, தோளில் மாட்டியிருந்த பையை என் மடியில் வைத்தாள். தண்ணீர் பாட்டில், குடை, வழியில் வாங்கிய இரண்டு டப்பா பஞ்சாமிர்தம் எல்லாம் இருந்த பை.

"கொஞ்ச நேரம் பிடிச்சுக்கடா, தோள் வலிக்குது," என்றாள். என்னிடம் அல்ல, தராசுக்காரரிடம்.