பூஜ்யத்துக்கு ஒரு கும்பிடு

நர்சிங் ஆராய்ச்சியில் எதிரே அகப்பட்டவர்களை உட்காரவைத்துக் கேள்வி கேட்பதற்கு ‘வசதி மாதிரி எடுப்பு’ என்று பெயர். எவ்வளவு நேர்மையான சொல்! யாருடைய வசதி என்றுமட்டும் கேட்கக்கூடாது.

கைகழுவுவது பற்றி முதலில் ஒரு வினாத்தாள். பிறகு சார்ட் காட்டிப் பாடம். ஏழாம் நாள் அதே வினாத்தாள். மதிப்பெண் ஏறும், p மதிப்பு 0.05-க்குக் கீழே இறங்கும். ‘பாடத்தால் ஒரு மாற்றமும் இல்லை’ என்கிற பூஜ்யக் கருதுகோள் தோற்கும். தோற்பதற்கென்றே பிறந்த ஜீவன் அது. சொல்லிக்கொடுத்தால் தெரிந்துகொள்வார்கள் என்பது மீண்டும் நிரூபணமாகும்.

பாவம், பிளாரன்ஸ் நைட்டிங்கேல். கிரிமியப் போரில் காயத்தைவிட நோய்க்குப் பலியானவர்களே அதிகம் என்று 1858-இல் வண்ணப் படம் போட்டுக் காட்டினார். முன்தேர்வும் இல்லை, பின்தேர்வும் இல்லை. சாக்கடையைப் போய்ப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இன்றைய ஆய்வேடு அப்படித் தடம் புரளாது. வார்டுக் குழாயில் தண்ணீர் வருகிறதா என்பது ‘ஆய்வின் எல்லைக்கு அப்பாற்பட்டது’.