அறாத இணைப்பு

தீப்பிடித்த கட்டடத்தில் அலாரம் அடிக்க வேண்டும், அவசர விளக்கு எரிய வேண்டும், பம்பு ஓட வேண்டும். இவற்றுக்குப் போகும் கேபிளை பி.எஸ். 6387 என்னும் பிரிட்டிஷ் தரம் வதைத்துத்தான் பார்க்கிறது. ஒரு துண்டு, மின்சாரம் பாய்ந்தபடியே 950 டிகிரி நெருப்பில் மூன்று மணி நேரம் கிடக்க வேண்டும். இன்னொன்றை 650 டிகிரியில் 15 நிமிடம் வாட்டி, எரியும்போதே மேலும் 15 நிமிடம் தண்ணீர் பீய்ச்சுவார்கள். மூன்றாவதற்கு நெருப்போடு அரை நிமிடத்துக்கு ஓர் அடி. எதிலும் இணைப்பு அறக்கூடாது. நம் நாட்டிலும் 2021-ல் ஐ.எஸ். 17505 வந்தாயிற்று.

காவிரி டெல்டாவுக்கு இதெல்லாம் எதற்கு? "எஃப்.ஆர். ஒயர்தான் சார் போட்டிருக்கோம்" என்ற வாக்கு போதுமே! எஃப்.ஆர். என்றால் தீ ஒயர் வழியே பரவாது, அவ்வளவுதான். தீக்குள் சிக்கினால் பி.வி.சி. உருகி, செம்பும் செம்பும் முட்டி, ஆள் சாகும் முன்பே அலாரம் செத்துவிடும்.

ஆனால், மூன்று சோதனையிலும் தேறிய இணைப்பு ஒன்று தஞ்சை மாவட்டத்தில் உண்டு. கட்டட முதலாளிக்கும் சான்றிதழ்க் கையெழுத்துக்கும் நடுவே ஓடுவது அது. நெருப்புச் சோதனை 2004 ஜூலை 16-ல், கும்பகோணம் காசிராமன் தெருப் பள்ளியில் நடந்தது. சமையலறை நெருப்பு கீற்றுக்குத் தாவியது, 94 குழந்தைகள். தண்ணீர்ச் சோதனைக்குப் பெற்றவர்களின் கண்ணீர். அடி மட்டும் அரை நிமிடத்துக்கு ஒன்றல்ல, பத்து வருடத்துக்கு ஒன்று: 2014-ல் தஞ்சை நீதிமன்றம் பத்துப் பேரைத் தண்டித்தது, கல்வி அதிகாரிகள் உட்பட 11 பேரை விடுவித்தது. 2017-ல் பள்ளி நிறுவனரின் ஆயுள் தண்டனையும், சிறையிலிருந்த காலமே போதும் என்று உயர் நீதிமன்றத்தில் சுருங்கியது. இணைப்பு அறவில்லை.

கீற்றைப் பிரித்தோம், சரி. அதற்குப் பதில் மாட்டிய ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே என்ன ஒயர் ஓடுகிறது என்று ஏணி வைத்துப் பார்த்த அதிகாரி யார்? 2024 டிசம்பரில் திண்டுக்கல் தனியார் மருத்துவமனைத் தீயில் ஆறு பேர் போனார்கள். மின்கசிவு என்றார்கள். பாவம் மின்கசிவு, எத்தனை வழக்கைத்தான் தாங்கும்! அதற்குச் சம்பளமில்லை, ஜாமீன் எடுக்கவும் ஆளில்லை.

ஆவணிக்கு மண்டபம் பேசப் போகிறவர்கள், அவசர விளக்குக்கு எந்தக் கேபிள் போகிறது என்று மேனேஜரிடம் கேட்டுப் பாருங்கள். ஏ.சி. எத்தனை டன் என்று சொல்வார்.