முறை இருக்குலே, கட்டி வை

ஏலே பேராண்டி, உன் பாட்டுல பிரேசில் ஃபங்கையும் ட்ராப்பையும் ஒண்ணாக் கலக்கப்போறியாமே. உலகத்துல எவனும் செய்யாத காரியம்னு சொன்னியாம், உங்க ஆச்சி பூரிச்சுப்போய்த் திரியுதா. ரியோவுல எம்சி கபெலின்ஹோ ஃபங்க்ல ஆரம்பிச்சு ட்ராப்புக்குள்ள போயி வருசமாச்சுன்னு அவகிட்ட நான் சொல்லல. பாவம், சந்தோசமா இருக்கட்டும்.

நான் கிழவன், எனக்கு என்ன தெரியும்? ஆனா சம்பந்தம் பேசுததுக்கு முந்தி வம்சம் விசாரிக்கணும்லா? 1980-ல ஜப்பான் ரோலண்ட் கம்பெனிக்காரன் டிஆர்-808னு ஒரு தாளப் பெட்டி போட்டான். நெசக் கொட்டு மாதிரி இல்லன்னு ஊரே மூஞ்சியச் சுளிச்சுது, 1983-ல நிறுத்திட்டான். கைமாறி மலிவா வந்த அந்தப் பெட்டியிலதான் மயாமி பேஸ்ங்கிற பாட்டு வகை பொறந்துச்சு. அந்த ரெக்கார்டெல்லாம் ரியோவுல ஃபவேலாங்கிற குடிசைப் பகுதி ஆட்டத்துக்கு வந்து, போர்ச்சுகீசுல பாட ஆரம்பிச்சானுவ. 1989-ல டிஜே மார்ல்போரோ ‘ஃபங்க் பிரேசில்’னு ஆல்பமே போட்டாரு. அதே 808 முழக்கத்தை அட்லாண்டாக்காரன் இழுத்து நீட்டி ட்ராப் ஆக்குனான். ஆக, ரெண்டும் ஒரே பாட்டி வீட்டு அத்தை மகனும் மாமன் மகளும். நீ கண்டுபிடிச்ச சம்பந்தம் தொட்டில்லயே பேசி முடிச்சது!

ஆனா குணம் ஒத்துப்போகாது. ஃபங்க் நிமிசத்துக்கு 130 தட்டு. ரியோவுல 150-க்கும் ஏத்திட்டானுவ. ட்ராப்புக்கு ஏட்டுக் கணக்கு 140, நடை என்னமோ 70-தான். நாலுல மூணாவது தட்டு வார வரைக்கும் ஸ்னேர் வாயத் தொறக்காது. நீ 130-லயே நில்லு, ரெண்டும் ஒருமாதிரி அனுசரிச்சுப் போகும். நீ போட்டுக் காட்டுன மாதிரியில பேஸை மட்டும் ஏன் அப்படி இழுத்து விட்டிருக்கே? ஃபங்கோட ‘தம்போர்சாவ்’ கொட்டுக்குத் துள்ளலே அந்த இடைவெளியிலதான் இருக்கு; உன் பேஸு அதுமேல ஏறிப் படுத்துக்கிடுச்சு. கிக் விழுற எடத்துல பேஸைக் குட்டையா நறுக்கு. ஹை-ஹாட் சரசரப்பையும் வரி முடியுத எடத்துல மட்டும் வையி. பாடுதவன் மூச்சு விடணும்லா?

சாவ் பாவ்லோக்காரன் எம்சி ஃபியோத்தி 2017-ல பாஹ் எழுதுன புல்லாங்குழல் இசையத் தூக்கி ஃபங்க்ல வச்சான். ஒத்தக் குழல்தாம்லே, உலகமே ஆடுச்சு. நீ வயலின், சைரன், துப்பாக்கி, நாய் குரைக்கது எல்லாத்தையும் போட்டிருக்கே. அந்த நாயி நம்ம வீட்டு நாய்தானே? அது ஒண்ணுதான் தாளத்துல நிக்குது.