ஈயக் குண்டுக்குக் கண் திறத்தல்

தூண்டில்முள்ளின் கழுத்தில் ஈயத்தால் தலை வார்த்த செயற்கை இரைக்கு ஜிக் என்று பெயர். தலையின் கனம் முள்ளை நீருக்குள் இறக்கும். பின்னால் கட்டிய இறகோ கோத்த ரப்பர் புழுவோ வாலாட்டும். அமெரிக்காவில் மினசோட்டா, விஸ்கான்சின் போன்ற ஏரி மாநிலங்களில் கிராப்பி, வால்ஐ ஆகிய மீன்களைப் பிடிப்போரின் பெட்டியில் இது கட்டாயம் இருக்கும். கடையில் மலிவாகக் கிடைக்கும் இந்தப் பொருளை, ஏரி உறைந்து கிடக்கும் குளிர்காலத்தில் கார் கொட்டகையில் உட்கார்ந்து தாங்களே வார்த்து வண்ணம் தீட்டுவோர் அங்கே ஏராளம். காசு மிச்சம் என்பது அவர்கள் வீட்டில் சொல்லும் காரணம். ஈயம் உருக்கும் கலம், அலுமினிய அச்சு, முட்கள், டப்பா டப்பாவாக நிறப்பொடி, அதைச் சுட ஒரு தனி ஓவன் எல்லாம் வாங்கிய பிறகு மிச்சமானது எவ்வளவு என்று கணக்கு எழுதும் வழக்கம் இந்தத் துறையில் இல்லை.

கிராப்பி ஜிக்கின் வழக்கமான எடைகளில் ஒன்று, அவுன்சில் 32-இல் ஒரு பங்கு. அதாவது சுமார் 0.9 கிராம். அந்த எடைக்கு ஈய உருண்டை சுமார் 5 மில்லிமீட்டர் குறுக்களவில் அடங்கிவிடும். மிளகு அளவுள்ள அந்தத் தலையில் வெள்ளை விழி, அதற்குள் கறுப்புப் பாப்பா, செவுளுக்கு ஒரு சிவப்புக் கீற்று, முதுகில் நாலு வரி வேண்டும் என்பது கலைஞரின் கோரிக்கை. மீன்கள் தரப்பில் இதுவரை கோரிக்கை எதுவும் வரவில்லை.

முதல் வேலை அடிப்பூச்சு. பிசின், நிறமி, இறுகச் செய்யும் பொருள் மூன்றையும் உருக்கிக் கலந்து, ஆறிய பின் மாவாக அரைத்தால் கிடைப்பது பவுடர் பெயிண்ட். ஜிக் தலையைச் சூடாக்கி, இந்தப் பொடிக்குள் ஓரிரு நொடி துழாவி எடுத்தால், பட்ட பொடி உருகிப் பளபளவென்று படியும். சூடு குறைந்தால் பொடி ஒட்டாமல் உதிரும். கூடினால் அப்பிக்கொண்டு தலை வீங்கும். பொடி கட்டிதட்டாமல் இருக்க, கிண்ணத்தின் அடியில் நுண்துளைத் தாள் வைத்து அதன் வழியே காற்றை ஊதுவார்கள். பொடி பொங்கி நீர்போல் தளும்பும். 1950களில் ஜெர்மனியில் எர்வின் கெம்மர் தொழிற்சாலைகளுக்காக உருவாக்கிய முறை இது. கார் கொட்டகைகளில் இதை இயக்குவது, மீன்தொட்டிக்குக் காற்று ஊதும் சின்ன பம்ப். ஒரு மீன் மூச்சு விடுவதற்கென்று விற்ற கருவி, இன்னொரு மீனின் மூச்சை நிறுத்தும் பணியில் சேர்ந்துகொள்கிறது.

பொடியில் ஒரு குறை உண்டு. சூடான ஈயத்தில் அது எங்கே பட்டாலும் ஒட்டும் என்பதால், முதுகுக்கு ஒரு நிறம், வயிற்றுக்கு ஒரு நிறம் என்று தூவலாமே தவிர, புள்ளியும் கோடும் போட முடியாது. வேறு பெயிண்டால் கண் வைக்கலாம். ஆனால் அது அடிப்பூச்சோடு ஒன்றாமல் மேலே உட்கார்ந்திருக்கும், கல்லில் நாலு முறை மோதினால் பெயர்ந்துவிடும். அதே பொடியைத் திரவமாக்கி வரைந்தால் அடிப்பூச்சும் சித்திரமும் ஓவனில் ஒரே படலமாக இறுகும்.

திரவமாக்கத் தேவை அசிட்டோன். நகப்பூச்சை அழிக்கப் பயன்படும் அதே சரக்கு. சின்னக் கண்ணாடிக் குப்பியில் அரைத் தேக்கரண்டி பொடி போட்டு, சொட்டுச் சொட்டாக விட்டுக் கலக்கினால் பாலாடைப் பதத்துக்கு வரும். தெர்மகோல் வகைக் கப்பில் கலக்கக் கூடாது. அசிட்டோன் முதலில் கப்பைக் கரைத்துவிட்டுத்தான் பொடிக்கு வரும். அதன் கொதிநிலை 56 டிகிரி செல்சியஸ். அறை வெப்பத்திலேயே அது பறந்துகொண்டிருப்பதால், ஒரு போன் பேசிவிட்டு வருவதற்குள் பாலாடை பசையாகியிருக்கும். மறுபடி சில சொட்டு விட வேண்டும். இந்த முறை கை தாராளமாகிச் சாயத் தண்ணீர் ஆகும். பிறகு பொடி சேர்க்க வேண்டும். இப்படி மாறி மாறிச் சேர்த்ததில், ஒரு கண்ணுக்கு எடுத்த வண்ணம் ஊர்க் கண்ணுக்கெல்லாம் போதுமான அளவாகிவிடும். பொறுமை குறைந்தவர்கள் மெதுவாக உலரும் லாக்கர் தின்னரை நாடுகிறார்கள். எதுவானாலும் சட்டென்று தீப்பிடிக்கும் சரக்கு. ஜன்னல் திறந்திருக்க வேண்டும், ஓவனும் உலைக்கலமும் அணைந்திருக்க வேண்டும்.

கண் வைப்பதற்குத் தூரிகை தேவையில்லை. ஆணியின் தட்டைத் தலையை வண்ணத்தில் தொட்டு, ஜிக்கின் மேல் நேராக இறக்கி, அழுத்தாமல் நேராக எடுத்தால் வட்டம் தானே விழும். அது உலர்ந்ததும் குண்டூசித் தலையால் நடுவில் கறுப்புப் புள்ளி. வண்ணம் கெட்டியாகியிருந்தால் ஆணியோடு நூல் இழுத்து, கண்ணுக்கு ஒரே ஒரு நீண்ட இமைமயிர் முளைக்கும். நீர்த்திருந்தால் வெள்ளை வழிந்து கண்ணீர் விடும். முதல் கண் அநேகமாக நன்றாகவே அமையும். கோயில் சிலைக்குக் கண் திறக்கும் ஸ்தபதியின் பயபக்தியோடு மறுபுறம் திருப்பி இரண்டாவது கண்ணை வைக்கும்போதுதான் வினை: ஒரு கண் எதிரே பார்க்க, மற்றது வானிலை பார்க்கும். ஆனால் இரண்டு கண்ணையும் ஒருசேரப் பார்க்க வேண்டுமானால் மீன் நேர் எதிரே வர வேண்டும். அவ்வளவு கிட்டத்தில் வந்த மீன் ஒப்பிட்டுப் பார்க்க நிற்பதில்லை.

சுடுவதற்கு முன் இரண்டு காரியம் பாக்கி. தூண்டில் நரம்பு கோக்கும் வளையத்தை அடைத்த வண்ணத்தை ஊசியால் குத்தி எடுக்க வேண்டும். இதை மறந்தவர், விடியற்காலை இருட்டில் படகில் உட்கார்ந்து, விறைத்த விரலோடு, இல்லாத துளையில் நரம்பைக் கோக்கப் பார்ப்பார். அடுத்தது, அசிட்டோன் முழுக்கப் பறக்கும்வரை காத்திருப்பது. மிச்சம் இருந்தால் ஓவனில் கொதித்துக் கிளம்பி, கண்ணில் கொப்புளம் போடும். பிறகு ஜிக்குகளைக் கம்பியில் தொங்கவிட்டு, சுமார் 177 டிகிரி செல்சியஸில் 15 முதல் 20 நிமிடம் சுட வேண்டும். பிசினின் மூலக்கூறுகள் குறுக்கே பின்னிக்கொள்வதால், அதன் பின் எவ்வளவு சூடாக்கினாலும் பூச்சு திரும்ப உருகாது. ஈயம் உருக 327 டிகிரி வேண்டும். எனவே தலைக்கு ஆபத்தில்லை. இந்த ஓவனில் பிறகு ரொட்டி சுடக் கூடாது. ரொட்டி சுடும் ஓவனை இதற்கு எடுக்கவும் கூடாது.

ஈயம் எல்லா மாநிலத்திலும் செல்லாது. நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் ஒரு அவுன்சும் அதற்குக் குறைவும் உள்ள ஈய ஜிக்குகளுக்கு 2016 முதல் தடை. லூன் என்னும் நீர்ப்பறவைகள் அவற்றை விழுங்கி நஞ்சேறிச் சாவதே காரணம். ஈயத்துக்கு மாற்றாகப் பிஸ்மத்–வெள்ளீயக் கலவையில் வார்ப்போரும் உண்டு. நூற்றுக்கு 58 பங்கு பிஸ்மத் உள்ள கலவை 138 டிகிரியிலேயே உருகிவிடும். அதை வழக்கமான சூட்டில் சுட்டால், கம்பியில் முள் தொங்கும். கண், செவுள், நாலு வரி அத்தனையும் தட்டில் குட்டையாகக் கிடக்கும். அதற்குச் சாதாரண பெயிண்டே கதி.

இந்தச் சித்திரத்தில் மீனுக்கு எவ்வளவு தெரிகிறது? லார்ஜ்மவுத் பாஸ் மீன்களுக்கு இரை கொடுத்து நிறம் அறியப் பழக்கி, இல்லினாய் பல்கலைக்கழகத்தார் ஆராய்ந்தார்கள். அவற்றின் கண்ணில் நிறம் உணரும் செல்கள் இரண்டே வகை. சிவப்பையும் பச்சையையும் அந்த மீன்கள் பிரித்தறியும். பச்சை கலந்த மஞ்சளுக்கும் வெள்ளைக்கும், நீலத்துக்கும் கறுப்புக்கும் இடையே தடுமாறும். ஷார்ட்ரூஸ் என்று தூண்டில்காரர்கள் உயிரை விடும் நிறம் அந்தப் பச்சை மஞ்சள்தான். தெளிந்த நீரில் ஆழம் கூடக்கூடச் சிவப்பு ஒளி முதலில் மறைவதால், செவுள் கீற்றும் கொஞ்ச ஆழத்திலேயே கருத்துவிடும். இதைப் படித்த பிறகும் வரி போடுவதை யாரும் நிறுத்தவில்லை. ஜிக்கை விலை கொடுத்து வாங்குவது மீன் இல்லையே.

முறையாகச் சுட்ட பூச்சு ஜிக்கை விட நீண்ட ஆயுள் உடையது. வண்ணம் உதிர்ந்து ஓய்வு பெறும் ஜிக் அபூர்வம். பெரும்பாலானவை மூழ்கிய மரக்கிளையில் மாட்டி, நரம்பு அறுந்து போகின்றன. ஆகவே ஒவ்வொரு நிறத்திலும் ஒரு டஜனாவது செய்துவைத்துக்கொள்வது நல்லது.