கை மட்டும் வரட்டும்

ஜப்பானில் 2024-இல் பிறந்த ஜப்பானியக் குழந்தைகள் 7 லட்சத்துக்கும் குறைவு. இறந்தவர்கள் 16 லட்சம். அங்கே ஒரு பெரிய நிறுவனம் உள்நாட்டுச் சந்தைக்குக் குழந்தை டயப்பர் செய்வதை நிறுத்திவிட்டுப் பெரியவர்களுக்கான டயப்பருக்குத் தாவிவிட்டது. வியாபாரிக்கு விளங்கிவிட்டது. ஆட்சியாளர்களுக்குத்தான் கூச்சம்.

வயலில், ஆலையில், முதியோர் இல்லத்தில் ஆள் வேண்டும். ஆனால் வெளிநாட்டாரைக் கூப்பிட்டதாகத் தெரியக் கூடாது. 1990-இல் அமலுக்கு வந்த சட்டத் திருத்தத்தின் மூலம், பிரேசிலில் இருந்த ஜப்பானிய வம்சாவளியினரை வரவழைத்தார்கள். நம் ரத்தம் அல்லவா! பொருளாதாரம் படுத்ததும், 2009-இல் வேலை இழந்தவருக்குத் தலைக்கு 3 லட்சம் யென்: வாங்கிக்கொள், ஊர் போய்ச் சேர், இந்த விசாவில் மறுபடி வராதே. ரத்தபாசத்துக்கும் கணக்கு முடித்தாயிற்று.

இன்னொரு பக்கம், 1993-இல் 'தொழில்நுட்பப் பயிற்சி' தொடங்கியது. ஏழை நாட்டு இளைஞருக்கு ஜப்பானின் நுட்பத்தைக் கற்றுக்கொடுக்கும் தர்மமாம். வியட்நாம் பிள்ளைகள் கடன் வாங்கித் தரகருக்குக் கொட்டிக்கொடுத்து வந்து கற்ற அரிய நுட்பங்கள்: முட்டைக்கோஸ் அறுப்பது, சிப்பி உடைப்பது, சாரம் கட்டுவது. சிப்பி உடைக்க மூன்று வருடப் படிப்பு! பிடிக்காத முதலாளியை விட்டு இன்னொருவரிடம் போக வழியில்லை. கணவனோ மனைவியோ பிள்ளையோ கூட வரக் கூடாது. 2023-இல் மட்டும் 9,700-க்கும் மேற்பட்ட 'பயிற்சியாளர்கள்' ஓடி மறைந்தார்கள். நன்றி கெட்ட ஜென்மங்கள், வேறென்ன? 2027-இல் இதற்குப் புதுப் பெயரும் கொஞ்சம் தளர்ந்த விதியும் வருகின்றன. குடும்பத்துக்கு அப்போதும் இடமில்லை.

பிள்ளை பெறுங்கள் என்று சொந்தக் குடிமக்களிடம் பணத்தை நீட்டிக் கெஞ்சும் அரசு இது. ஆனால் பிள்ளை யார் வயிற்றில் என்பது முக்கியம். கர்ப்பமான பயிற்சியாளரை வேலையைவிட்டு நீக்கக் கூடாதென்று சட்டம் இருக்கிறது. நீக்குவார்கள் என்ற பயமும் இருக்கிறது. பயம்தான் வலுவானது. கியூஷுவில் ஆரஞ்சுத் தோட்டத்தில் வேலைபார்த்த வியட்நாம் பெண் ஒருத்தி, ஊருக்குத் திருப்பி அனுப்பிவிடுவார்களென்று கர்ப்பத்தை மறைத்தாள். 2020-இல் அவள் அறையில் இரட்டைக் குழந்தைகள் இறந்தே பிறந்தன. துண்டில் சுற்றி, பெயர் வைத்து, மன்னிப்புக் கேட்டு எழுதிய கடிதத்தோடு பெட்டியில் வைத்தாள். சடலத்தைக் கைவிட்டாளென்று வழக்குப் போட்டு, இரண்டு நீதிமன்றங்கள் அவளைக் குற்றவாளி என்றன. கடைசியில் உச்ச நீதிமன்றம் விடுதலை செய்தது, 2023 மார்ச்சில்.

ஏப்ரலில், பிறப்பு குறைவதையும் கவனிப்பதற்காகக் குழந்தைகளுக்கும் குடும்பங்களுக்குமான புதிய அரசு முகமையை டோக்கியோவில் திறந்துவைத்தார்கள்.