கண்ணுறுதல்: சில ஐயங்களும் பல அடிக்குறிப்புகளும்

பார்க்கும் தொழிலுக்குத் தமிழில் சொற்பஞ்சம் கிடையாது. ஆனாலும் 'கண்ணுறு' என்னும் வினை உரிய ஆய்வின்றிக் கிடக்கிறது. அக்குறையைத் தீர்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

காண்: எல்லாரும் காண்பர். மேலும் சொல்ல ஒன்றுமில்லை.

நோக்கு: காதலர் சொத்து. குறளின் குறிப்பறிதல் அதிகாரத்திலும் கம்பனின் மிதிலைக் காட்சிப் படலத்திலும் வேலை செய்வது இதுதான். தொல்காப்பியச் செய்யுளியல் 'நோக்கு' என்பதைச் செய்யுள் உறுப்புகளில் ஒன்றாகவே வைத்தது. அது என்னவென்று உரைகாரர்கள் அன்றுதொட்டு நோக்கிக்கொண்டிருக்கிறார்கள்.

இனி கண்ணுறு. 'கண்' என்ற பெயரோடு 'உறு' சேர்ந்தது. பெறு, பெற்றான் போல உறு, உற்றான். இதன் வாழ்வு பெரும்பாலும் இறந்தகாலத்திலேயே கழிகிறது. 'அரசன் நகரைக் கண்ணுற்றான்' என்றால் உறுத்தாது. நிலாவைக் காட்டி 'அதோ கண்ணுறு' என்று எந்தத் தாயும் சோறூட்டியதில்லை. 'நேற்று ரேஷன் கடையில் உங்கள் மாமியாரைக் கண்ணுற்றேன்' என்பவரை அக்கம்பக்கத்தார் ஒரு மாதிரியாகப் பார்ப்பர்.

மனுவில் மட்டும் இதற்குத் தனிக் கம்பீரம். 'ஐயா அவர்கள் இதனைக் கண்ணுற்று ஆவன செய்ய வேண்டுகிறேன்.' கண்ணுற்று என்பது வினையெச்சம்; அலுவலகத்தில் அது எச்சமாகவே நின்றுவிடும்.

ணுகரம் நீண்டால் கண்ணூறு. பூசணிக்காய் உடைக்க வேண்டிவரும். கண்ணுறுதலே கண்ணூறாகத் திரிந்தது என்பர் ஒரு சாரார். அவர்கள் காட்டும் சான்று, பெயர் தெரியாத ஓர் ஏட்டில், கறையான் அரித்த பகுதியில், மூன்றாம் வரியில் இருந்திருக்க வேண்டியது. மறு சாரார் அது நான்காம் வரி என்பர். மூன்றாவது சாரார் கறையான் இடமிருந்து வலமாக அரித்ததா, வலமிருந்து இடமாக அரித்ததா என்பது முடிவாகும்வரை கருத்துச் சொல்வதற்கில்லை என்று நிதி கேட்டு விண்ணப்பித்துள்ளனர். ஏட்டை எவரும் கண்ணுற்றதில்லை. ஒருவர் நூலின் அடிக்குறிப்பை மற்றவர் கண்ணுற்றதோடு சரி. அந்த அடிக்குறிப்பும் 'மேலது' என்று மட்டுமே சொல்லும். மேலே எதுவும் இருக்காது.

1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாகச் சென்னைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட தமிழ் லெக்சிகனைப் புரட்டினால் பொருள் குறித்த ஐயம் தீர்ந்துவிடும். தீர்ந்துவிட்டால் கருத்தரங்கு எதற்கு? ஆகவே யாரும் புரட்டுவதில்லை.

இவ்வினையை உயிருள்ள ஒருவர் வாயால் சொல்லக் கேட்ட வாசகர்கள் ஊர், நாள், சாட்சி விவரத்தோடு எழுதலாம். நகல் மூன்று தேவை.