நான்-லோக்கல் மாமா

தெலுங்கில் அதன் பெயர் ‘உன்னத வித்யா மண்டலி’. ரொம்ப நாள் அதை ஏதோ பஜனை மண்டலி என்றே நினைத்திருந்தேன். அது ஆந்திர உயர்கல்வி மன்றம் என்றும், 1988-லேயே சட்டம் போட்டு அமைத்தது என்றும், தமிழ்நாடு 1992-ல்தான் தனக்கொன்று வைத்துக்கொண்டது என்றும் பிற்பாடு தெரிந்தது. தெரிந்த நாளிலிருந்து, ஆந்திர எல்லையோர ஊரான எங்கள் தடாவில் எனக்குப் பெயர் ‘கவுன்சிலிங் மாமா’. பெயர் வைத்ததும் நானேதான்.

முதல் யோசனை பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு. “எம்செட் எழுதும்மா, டாக்டர் சீட்டு வரும்.” மருத்துவம் அதற்கு முன்பே நீட்டுக்குப் போயிருந்தது. 2021-ல் அந்த ஆந்திர நுழைவுத் தேர்வின் பெயரிலிருந்தே மருத்துவத்தை எடுத்து, பார்மசியைச் சேர்த்து, ‘இஏபிசெட்’ ஆக்கிவிட்டார்கள். எனக்குத்தான் தாக்கல் வரவில்லை.

2022 ஏப்ரலில் தடா நெல்லூரிலிருந்து திருப்பதி மாவட்டத்துக்கு மாறியது. “பிள்ளைங்க லோக்கல் போச்சு!” என்று தெருவையே எம்ஆர்ஓ (தாசில்தார்) ஆபீசுக்குக் கிளப்பினேன். அங்கே ஒருவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு விளக்கினார். 1974 குடியரசுத் தலைவர் ஆணைப்படி நெல்லூரும் திருப்பதி இருந்த சித்தூரும் ஒரே எஸ்வி யுனிவர்சிட்டி வட்டாரம்; நூற்றுக்கு 85 சீட் வட்டாரத்துப் பிள்ளைகளுக்கு; மாவட்டம் மாறினால் ஒன்றும் ஆகாது.

அதெல்லாம் சில்லறை. அக்கா மகள் விஷயம்தான் இன்னும் உறுத்துகிறது. ரயிலில் அடுத்த ஸ்டேஷன் ஆரம்பாக்கம், தமிழ்நாடு. “தமிழில் படிக்கட்டும்” என்று எட்டாம் வகுப்பிலேயே அவளை எல்லை தாண்டிச் சேர்க்கச் சொன்னவன் நான். பிளஸ் டூ முடித்து இஏபிசெட் விண்ணப்பம் நிரப்பும்போது கேட்டாள்:

“மாமா, நான் லோக்கலா, நான்-லோக்கலா?”

“வீட்டு வரி இங்க கட்டுறோம், ரேஷன் இங்க வாங்குறோம். லோக்கல்தாம்மா.”

ஆணை ரேஷன் கார்டைப் பார்ப்பதில்லை, பள்ளிக்கூடத்தைப் பார்க்கிறது. பன்னிரண்டாம் வகுப்போடு முடிகிற நாலு வருஷம் எங்கே படித்தாளோ, அதுதான் கணக்கு. அந்த நாலும் என் யோசனையில் போயிருந்தன. பெற்றோர் பத்து வருஷத்துக்கு மேல் ஆந்திரவாசிகள் என்பதால் மிச்சமுள்ள 15-ல் போட்டியிடலாம் என்றார்கள்.

விடுவேனா? மண்டலிக்கு நாலு பக்க மனு எழுதினேன். அப்புறம்தான் புரிந்தது: மண்டலி நுழைவுத் தேர்வை ஒரு பல்கலைக்கழகத்திடம் ஒப்படைக்கும், பொறியியல் கவுன்சிலிங்கைத் தொழில்நுட்பக் கல்வித் துறை பார்க்கும், ஆணையோ டெல்லியில் போட்டது. அரசு, யுஜிசி, பல்கலைக்கழகங்கள் எல்லாவற்றையும் ஒரு பந்தியில் உட்காரவைப்பது மண்டலியின் வேலை. பந்தி விசாரிக்கிறவரிடம் போய் முகூர்த்தத் தேதியை மாற்றச் சொல்லியிருக்கிறேன்.

எட்டு முதல் பன்னிரண்டு வரை அங்கேயே படித்ததால் தமிழ்நாட்டுக் கவுன்சிலிங் அவளை ஏற்றுக்கொண்டது. 2007 முதல் அங்கே பொறியியலுக்கு நுழைவுத் தேர்வும் கிடையாது. விண்ணப்பத்தை அவளே நிரப்பினாள். பாஸ்வேர்டை எனக்குச் சொல்லவில்லை.

எல்லையோரம் பிள்ளை வைத்திருப்பவர்களே, ஹைஸ்கூலில் போடுமுன் நாலு பேரை விசாரியுங்கள். அந்த நாலு பேரில் நான் வேண்டாம்.